இரண்டாவது வால்

அதிகாலை நாலேகால்.
கலீசியக் கரையில் மழை பெய்கிறது என்பது
கடல் ஈரமாயிருக்கிறது என்பதுபோல.
கீழே ஏலக்கூடத்தில்
மெர்லூசா மீன் பெட்டிகள் இறங்குகின்றன.
மேலே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
நானும் ஒரு கோப்பும்.

'பனிக்கட்டிக் கணக்கு, மார்ச்' என்கிறது பெயர்.
அனுப்பியவர் எலாதியோ.
பன்னிரண்டு வருடமாய் எங்களுக்கு ஐஸ் தருபவர்.
கணக்கைக் கையால் எழுதி
காபிக் கறையோடு நீட்டுபவர்.
இன்றைக்கு மட்டும்
"அன்பார்ந்த வாடிக்கையாளரே, உடனே திறக்கவும்" என்கிறார்.
"ஏ, உஷியா!" என்பதைத் தவிர
வேறெப்படியும் அவர் என்னை அழைத்ததில்லை.

பெயரின் நுனியை இழுத்து நீட்டிப் பார்த்தேன்.
பி.டி.எஃப். என்று முடியவேண்டிய இடத்தில் முடியவில்லை.
ஒரு புள்ளி.
அதற்குப் பின் இ.எக்ஸ்.இ.
வாலுக்குப் பின்னால் வால் வைத்த மீனை
இந்தத் துறைமுகத்தில் யாரும் இறக்கியதில்லை.

கீழே பிரைஸ் செவுளைத் தூக்கிப் பார்க்கிறான்,
அமுக்கிய விரல்பள்ளம் திரும்ப எழுகிறதா என்று
ஒரு நொடி காத்திருக்கிறான்.
எனக்கு அந்த வசதி இல்லை.
இது நாறாது.
கெட்டது நல்லதைவிடப் பளபளப்பாகத்தான் வரும்.

திறக்காமல் கைரேகை மட்டும் எடுத்தேன்:
அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணும்.
உள்ளே ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும்
மொத்த ரேகையும் வேறு ஆளாகிவிடும்.
அதைக் கொண்டுபோய்
எழுபது காவலாளிகளிடம் விசாரித்தேன்.
அறுபத்தேழு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள்.
மூன்று பேர் சிவப்பு.

மூன்று என்பது எத்தனை?
மூன்று சாட்சியா, மூன்று வதந்தியா?
நேற்றுப் பிறந்த திருடனைப்
பழைய திருடர் பட்டியலில் தேடினால்
கிடைக்கமாட்டான்தான்.
கைதூக்கி எண்ணி முடிவெடுக்கும் இடமல்ல இது.

நாலு வருடம் முன்பு
ஒன்றை நான் திறந்திருக்கிறேன்.
இதே நாற்காலி.
வரி பாக்கி என்றது, பயந்துவிட்டேன்.
திரை ஒருமுறை கண்சிமிட்டியது, அவ்வளவே.
மறுநாள் ஏலக் கடிகாரம் நின்றிருந்தது.
தராசு எடை சொல்ல மறுத்தது.
பதினொரு நாள்.
படகுகள் பக்கத்துத் துறைக்குத் திரும்பின.
ஒன்பது டன் மீன்
மாவு ஆலைக்குப் போயிற்று.
யாரும் என்னைத் திட்டவில்லை.
காபி இயந்திரத்தருகே நான் வந்தால்
பேச்சு வானிலைக்கு மாறும்.
இப்போதும் சிலசமயம் மாறுகிறது.

பதில் மின்னஞ்சல் போடவில்லை.
முகமூடியிடமே போய்
'நீ முகம்தானா' என்று கேட்பதா?
பழைய ரசீதின் மூலையில்
அவரே கிறுக்கிய எண்ணை அழைத்தேன்.
தூக்கத்திலிருந்து ஒரு இருமல்.

"கணக்கா? நான் அனுப்பவில்லையே.
மகன் ஏதோ விளையாட்டை இறக்கினான், இலவசமாம்,
நேற்றிலிருந்து கணினி நத்தையாய் ஊர்கிறது."
"வலையிலிருந்து கழற்றுங்கள்."
"எந்த வலை?"
மீன்பிடி ஊரில் நியாயமான கேள்வி.
"சுவரில் செருகிய நீலக் கம்பி.
அதைப் பிடுங்குங்கள்.
கணினியை அணைக்கவேண்டாம், தொடவும் வேண்டாம்.
கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள்.
உங்கள் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொருவரையும் அழையுங்கள்."
"ஒவ்வொருவரையுமா? இந்நேரத்திலா?"
"இந்நேரத்தில்தான்."

ஐந்து மணி.
கடிகாரம் உச்சி விலையிலிருந்து
இறங்கத் தொடங்கியது, வழக்கம்போல.
யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.
தராசு எடை சொன்னது.
ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஈரக் கையுறையோடு பிரைஸ் படியேறி வந்தான்.
"ஐஸ் கணக்கு வந்ததா?"
"இல்லை."
"வேறென்ன விசேஷம்?"
"ஒன்றுமில்லை."

தலையாட்டினான்.
பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
இரண்டு காபி எடுத்துவரப் போனான்.