தொண்ணூற்றைந்து

நகராண்மைக் கழகத்துக்கு மூன்று கடிதம்,
போலீஸ் நிலையத்துக்கு ஒன்று.
"நிஜ அம்பா?" என்று கேட்ட சார்ஜன் முன்னால்
மேசைமேல் ஒன்றை வைத்தேன்.
முனையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தவர்
அனுமதிக் கடிதத்தோடு தன் பெயரையும் எழுதித் தந்தார்:
புதியவர் பிரிவு, இரண்டு மகன்களும் உடன்.

பீடோங்கில் எங்களுக்கு வாய்த்தது
இந்தப் பந்துத் திடல்தான்.
அம்பு போகும் பக்கம் செம்பனை, அதற்கு முன் மண்மேடு.
நவநீதன் கயிறு பிடிக்க
நான் சுண்ணாம்பு தூவிக்கொண்டே நடந்தேன்:
பதினெட்டு, முப்பது, ஐம்பது.
மெத்தைக் கடை சோங் லோரியில் அனுப்பிய அட்டைகளை
அடுக்கி, இறுக்கி, பட்டை போட்டுக் கட்டினோம்.
வைக்கோல் என்றால் ஜெராய் மலை மழைக்கு
கஞ்சியாகிவிடும்.

"ஒரே வட்டத்தை நாள் முழுக்க எய்தால்
ஊர் உட்கார்ந்து பார்க்குமா?"
மங்களேஸ்வரி கேட்டது நியாயம்.
அதனால் காலையில் வட்டப் பலகை,
பத்து மணிக்குப் பலூன்,
வெயில் ஏறியதும் செம்பனை நிழலில்
நுரைப்பஞ்சுக் காட்டுப்பன்றி.
தூரம் சொல்லமாட்டோம்,
கண்ணால் அளந்துகொள்ள வேண்டியது.
கடைசியில் கொடி.
தொண்ணூறு மீட்டரில் ஒரு சிவப்புத் துணி.
அதைக் குறி பார்க்க முடியாது,
மேகத்தைக் குறி பார்க்கலாம்,
மிச்சத்தை அம்பு பார்த்துக்கொள்ளும்.

விசில் என் கழுத்தில்.
இரண்டு ஊதினால் கோட்டுக்கு வா.
ஒன்று, எய்.
மூன்று, போய் எடு.
ஐந்து ஊதினால்
நாண் காது வரை வந்திருந்தாலும் இறக்கு.

ஐந்து ஊதினேன், மதியம் ஒருமுறை.
குப்பம்மாவின் சிவப்புப் பசு
கொடிக்கும் கோட்டுக்கும் நடுவில்
மென்றுகொண்டே வந்தது.
நாற்பது வில் தாழ்ந்தது.
தேத்தாரிக் கடைகூட ஆற்றுவதை நிறுத்தியது.
பசு அவசரப்படவில்லை.

யார் ஜெயித்தார்கள் என்பது பலகையில் இருக்கிறது.

மாலை ஆறுக்கு இரவல் அம்புகளை எண்ணினோம்.
நீல இறகு, மொத்தம் தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றைந்து இருந்தது.
மறுபடி எண்ணினோம். தொண்ணூற்றைந்து.
நாளைக் காலை இந்தப் புல்லில்
பையன்கள் வெறுங்காலோடு பந்து உதைப்பார்கள்.

வரிசை கட்டினோம், தோளோடு தோள்.
திடல் காவலர் ஹஸ்புல்லா இலைவாரியோடு,
எண்ணெய் ஆலை வேலை முடித்து
வேடிக்கை பார்க்க வந்த ரஃபிகுல்,
முட்டிபோட்டு சார்ஜன் மகன்கள்.
"யார் பெற்ற பிள்ளை விட்டதோ!"
என் இடப்பக்கம் மங்களேஸ்வரி
புல்லைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் முறை கடக்கும்போது
எனக்கு ஞாபகம் வந்தது.

விடியற்காலை. பனி. யாரும் வரவில்லை.
கொடிக்குக் காற்று எப்படி என்று பார்க்க
ஒரே ஒரு அம்பு விட்டேன்.
விழுந்த சத்தம் கேட்கவில்லை,
கூடார லோரி ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது.
அன்று முழுக்க நான் எய்தது அது ஒன்றுதான்.
கோடில்லை, புள்ளியில்லை.
நன்றாகத்தான் எழுந்தது.

பத்து அடி பேசாமல் நடந்தேன்.
இருபது அடி.
மழை மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

விசிலை எடுத்து ஐந்து ஊதினேன்.
வரிசை நின்றது.
"என்னுடையது. அங்கே இல்லை.
கோல் கம்பத்துக்குப் பின்னால் தேடுங்கள்."
மங்களேஸ்வரி என்னைப் பார்த்த பார்வைக்கு
விசிலில் எண்ணிக்கை இல்லை.

சோங்கின் மகள்தான் கண்டாள்.
மண்ணுக்கும் புல்லுக்கும் இடையே
பாம்புபோல் நுழைந்து படுத்திருந்தது,
நீலம் மட்டும் நகத்தளவு வெளியே.

அம்பைத் தொலைத்தால் ஐந்து வெள்ளி அபராதம்.
விதியை எழுதியது நான்.
ரசீது எண் முப்பத்தொன்று:
கொடுத்தவர் நான், பெற்றுக்கொண்டவர் நான்.
"இதுக்குச் சாட்சி வேணுமே" என்று
சார்ஜன் பேனாவை வாங்கும்போது
முதல் துளி விழுந்து
என் பெயர் கொஞ்சம் கரைந்தது.