நாற்பது ரூபாய்க் கன்னடம்

அவளோடு பேசத்தான் அந்தப் புத்தகம்.
மெஜஸ்டிக் நடைபாதையில் பேரம் பேசி
நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன்.
முதல் பாடம்: ஊட்டா ஆய்த்தா.
நாயண்டஹள்ளி நிறுத்தத்தில், காலை ஏழே காலுக்கு,
சாப்பிட்டாயா என்று கேட்டேன்.
ஆய்த்து என்றாள். பிறகு
பர்ஸில் சில்லறை தேடுவதுபோலத் தேடி
நின்து? என்றாள்.

பத்து மாதம் பேசினோம்.
எனக்கு இறந்தகாலம் வராது;
பழைய கதை எதுவும் சொல்லவில்லை.
அவளுக்கு எதிர்காலம் தகராறு.
நாளைக்கு வருவேன் என்பதை
நாளைக்கு வந்தேன் என்பாள்,
மறுநாள் வந்து அதை மெய்யாக்குவாள்.

கார்மென்ட்ஸில் அவள் ரத்னா.
சவுந்தரபாண்டியைச் சுருக்கி நான் சுந்தர்.
அவள் இழுத்துப் பேசுவதை
மங்களூர்ப் பக்கம் என்று நினைத்திருந்தேன்.
என் பிழைகளையெல்லாம்
ஹூப்ளிப் பேச்சு என்று அவள் நம்பியிருக்கிறாள்.

ஆடி மழை. ஓர் ஆட்டோ
அவள்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது.
"கண்ணு என்ன பொடனியிலயாடா இருக்கு!"

பொடனி.
பிடரிக்கு எங்கள் பக்கத்துச் சொல்.

"விடுங்க, பய போயிட்டான்" என்றது வாய்,
என்னைக் கேட்காமல்.

அப்படிச் சிரித்தோம்.
என்ன விசேஷம் என்று
கடலைக்காரரும் தமிழிலேயே கேட்டார்.
அவள் நிலக்கோட்டை. நான் வத்தலக்குண்டு.
நடுவில் ஒரு டவுன் பஸ்.
அதற்கு ஒரு ராத்திரி பிரயாணம் வந்து
இன்னொருவர் பாஷையில் தடுக்கி விழுந்திருக்கிறோம்.

நீனு, நீனு என்றிருந்தவர்கள்
நீங்க என்றோம். வெட்கம் என்று நினைத்தேன்.
எவ்வளவு சுலபமாக வந்தது தமிழ்!
இறந்தகாலம் மொத்தமும் வந்தது.
அந்தச் சுலபத்தில், சிரிப்பு அடங்குமுன்,
கேட்டது நான்தான்:
"நிலக்கோட்டையில எந்தத் தெரு?"

புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.
சந்தையில் விலை கேட்கலாம்,
டாக்டரிடம் வலியைச் சொல்லலாம்,
தொலைந்த குடையை விசாரிக்கக்கூட
அரைப் பக்கம் இருந்தது.

தெருவைச் சொன்னாள்.
குரலைத் தாழ்த்தவில்லை.
அப்போது என் முகம் என்ன செய்தது
எனக்குத் தெரியாது.
அவள் பார்த்தாள்.

துப்பட்டாவின் சேற்றைப் பிழிந்துகொண்டே
பிழையே இல்லாத கன்னடத்தில் சொன்னாள்:
"பஸ் பந்த்து. நீவு ஹோகி."

நீனு இல்லை. நீவு.

திரும்பிப் பார்த்தேன்.
மைசூர் ரோட்டில், கண்ணுக்கு எட்டியவரை,
பஸ் எதுவும் இல்லை.