முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே

இரவெல்லாம் மருத்துவமனைக் கொதிகலனுக்குக் காவல் இருந்துவிட்டு
காலை எட்டுக்கு வந்து படுப்பவள் நான்.
ஒன்பதே காலுக்கு முதல் அழைப்பு:
என் காருக்கு உத்தரவாதம் முடிகிறதாம்.
பத்தரைக்குக் கூரை மாற்றுகிறவர்கள்.
அப்புறம் ஒருவன், பேசவே மாட்டான்,
நாலு மூச்சு விட்டு வைத்துவிடுவான்.

ஹான்காக்கில் எங்கள் மலைச்சரிவுக்கு
செல்பேசி சிக்னல் ஏறி வருவதில்லை.
சுப்பீரியர் ஏரிக் காற்று மின்கம்பத்தைச் சாய்த்த நாளிலும்
செம்புக் கம்பி பேசும்.
பிடுங்கி எறியவும் முடியாது.

பதினெட்டு டாலருக்கு ஒரு மோடம் வாங்கினேன்,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
அழைப்பவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் மென்பொருளோ
லினக்ஸில்தான் குடியிருப்பேன் என்றது.
என்னிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி,
'எச்' எழுத்தை இரண்டு தரம் குத்தினால்தான் விழும்.
சரி, வீட்டுக்குள் ஒரு வீடு கட்டுவோம் என்று
விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஏற்றினேன்.

வெளிவீட்டுக்காரனுக்கு மோடம் தெரிகிறது,
காம் மூன்று என்று பெயர்கூட வைத்திருக்கிறான்.
உள்வீட்டுக்காரனைக் கேட்டால்
அப்படி ஒரு கோப்பும் இல்லை, அடைவும் இல்லை என்கிறான்.
ஒரே மேசை. ஒரே மின்சாரம்.

மூன்று பகல் தூக்கம் போயிற்று.
யுஎஸ்பியை இந்தப் பக்கம் அவிழ்த்து
அந்தப் பக்கம் கட்ட ஒரு சின்ன நிரல் உண்டு.
கட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது.
என் கணினி, என் மோடம், என் கடவுச்சொல்,
எனக்குத்தான் அனுமதி இல்லை.
டயல் செய்வோர் குழுவில் லோர்னா என்று சேர்த்த பிறகு
சமாதானமாயிற்று.
கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தேன்.
சரி, என்றது மோடம்.
அந்த ஒற்றைச் சொல்லுக்கு
சமையலறையில் தனியே நின்று கைதட்டினேன்.

எண் எப்போது வருகிறது தெரியுமா?
முதல் மணி ஓய்ந்து இரண்டாம் மணி தொடங்குமுன்,
கையைத் துடைத்துக்கொண்டு நாம் எழுந்திருக்கும் அந்த நேரம்,
கம்பிக்குள் ஒரு குருவிக் கீச்சல்.
இத்தனை வருஷமாக அதை
மௌனம் என்றே நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. பனி ஜன்னலின் பாதிவரை.
ஒன்பதே கால்.
மணி அடித்தது, திரையில் எழுத்துகள் விழுந்தன:
கங்காஸ் ஆர்விட்.
எண், எங்கள் எண்.

ஆர்விட் போய் இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது.
தொலைபேசிக் கணக்கு இன்னும் அவன் பேரில்தான்.
மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழின் நகல் கேட்டார்கள்;
நகலகம் இரண்டு தெரு தள்ளி,
நான் போகவில்லை.
மோசடிக்காரர்கள் நம் எண்ணையே
முகமூடியாகப் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று தெரியும்.
தெரிந்துதான் எடுத்தேன்.

உங்கள் காரின் உத்தரவாதம், என்று தொடங்கியது குரல்.
முழுக்கக் கேட்டேன்.
ஒன்பதை அழுத்தச் சொன்னது, மறுபடி சொன்னது,
அது சலித்து வைத்த பிறகும்
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தடைப்பட்டியல் ஒரு சாதாரணக் கோப்பு,
வரிக்கு ஒரு எண்.
கூரைக்காரர்களைப் போட்டேன்.
மூச்சுக்காரனைப் போட்டேன், அவன் ஒஹையோக்காரன்.
அடுத்த வரியில் எங்கள் எண்ணை அடித்து
முன்னால் ஒரு ஹேஷ் குறி வைத்தேன்.
அந்தக் குறி இருந்தால் நிரல் வரியைத் தாண்டிப் போய்விடும்.
கண்ணுள்ளவர் வாசித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை நான் தூங்கும்போது
விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு
கட்டியதையெல்லாம் அவிழ்த்துவிட்டிருந்தது.
திரை வெறுமை.
மணி அடிக்கிறது, ஒரு தடவை.
நனைந்த கையோடு நிற்கிறேன்,
கீச்சல் கேட்கிறதா என்று.