குருவி நாக்கு

ஃபஹாஹீல் மீன் சந்தையில்
கால் போன நண்டுக்குப் பாதி விலை.
நடந்தா வரப்போகிறது,
பையில்தானே.

இறால் முக்கால் கிலோ, இரண்டு கை மட்டி.
இரவுப் பணி முடித்த கண்ணோடு லிஃப்டில் நின்றேன்.
என்னோடு கடலும் ஏறியது.
மூக்கைச் சுளிக்காமல் இருக்க
ஐந்தாம் மாடிக் குடும்பம் மிகவும் பாடுபட்டது.

எதிர்க் கதவு நஷ்வாவுடையது.
வார்டில் நான் எடுத்து அனுப்பும் ரத்தத்தை
ஆய்வகத்தில் உட்கார்ந்து எண்ணுகிறவள்.
பம்பரத்தின் இரண்டாவது ப-வைக் கொண்டு
என் பெயரைத் தொடங்குவாள்.
பனிமயம்.
நாற்பத்தெட்டு டிகிரியில் அந்தப் பெயரை
எப்படிச் சொன்னாலும் பொய்தான்.

பொட்டலம் அவள் வாங்கி வந்தது.
அரிசியென்று ஏமாறலாம், கோதுமை.
குருவி நாக்கு என்று அவர்கள் ஊரில் பெயராம்.
எத்தனை குருவிகள் வாயடைத்துப் போனால்
ஒரு வீட்டுக்கு ஒரு வேளை சூப்பு!

இறால் பையை முடிச்சிட்டு ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டு,
கையை முழங்கை வரை கழுவிவிட்டு,
பிறகுதான் அவளை உள்ளே விட்டேன்.
சிவப்புப் பிடி போட்ட கரண்டி அவளுடையது,
மறந்தும் நான் தொடுவதில்லை.

நெய் உருகியதும் கொட்டினோம்.
முதல் மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காது.
வாணலியை நம்பாமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.
பிறகு ஒரு நாக்கு சிவக்கும்,
அதைப் பார்த்து ஒன்பது,
அப்புறம் ஃபோனை எடுக்கக்கூட நேரமில்லை.
வெந்தய நிறத்தில் இறக்கு என்றேன்,
பேரீச்சங்கொட்டை நிறம் வரட்டும் என்றாள்.
அடுப்பை அணைத்த பிறகும் வாக்குவாதம் ஓடியது,
அதற்குள் அது தானாகக் கொஞ்சம் கறுத்துக்கொண்டது.

அங்கேயே பங்கு பிரித்தோம்.
கடல் தொடுமுன் பாதி அவளுக்கு,
கோழிச் சாற்றில் போட.
தம்யாத்தின் கடலோரத்தில் பிறந்தவள்,
பத்தொன்பது வயதுவரை ஓட்டோடு உறிஞ்சித் தின்றவள்,
ஒரு கல்யாண விருந்தில் உதடு தடித்து, தொண்டை அடைத்து,
மணப்பெண்ணின் காரிலேயே மருத்துவமனைக்குப் போனவள்.
அன்றிலிருந்து ஆவிகூட ஆகாது.
தன் கிண்ணத்தோடு எதிர் வாசலுக்குப் போய்
கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்துகொண்டாள்.
நடுவே ஆறடி நடைபாதை,
யார் வீட்டுப் பிள்ளையுடையதோ மூன்று சக்கர சைக்கிள்.

இறால் தலைகளை நசுக்கி வதக்கினேன்.
எண்ணெய் செம்மஞ்சளானது.
பூண்டு, தக்காளி, சோம்பு, மிளகு,
ஊசி குத்திய காய்ந்த கறுப்பு எலுமிச்சை;
அது கொதியில் உருண்டு உருண்டு
எந்தக் காலத்துக் கசப்பையோ கக்கியது.
நண்டை உடைத்துப் போட்டேன், உரித்த இறாலையும்.
வறுத்த நாக்குகள் சாற்றைக் குடித்துப் பருத்தன.
கடைசியில் மட்டி. மேலே மூடி.
ஒவ்வொன்றாய் வாய் திறக்கும் சத்தம்,
பாத்திரத்துக்குள் யாரோ விரல் சொடுக்குவதுபோல்.
திறக்காத இரண்டைக் குப்பையில் போட்டேன்.

எப்படி இருக்கிறது, சொல், என்றாள் அங்கிருந்து.

என் அரபி வார்டில் பொறுக்கிய அரபி.
கையை நீட்டு. மூச்சை இழு. வலி எங்கே.
எப்போதிலிருந்து. பயப்படாதே.
வேறு அரபி என்னிடம் இல்லை.

அதனால் இப்படிச் சொன்னேன்:
முதலில் சூடு.
நாக்கின் இரண்டு பக்கமும் இனிப்பு, இடது பக்கம் அதிகம்.
மூச்சை இழுத்தால் கடல்,
விட்டால் வறுத்த கோதுமை.
கசப்பு உண்டு, லேசாக, விட்டுவிட்டு வருகிறது.
விழுங்கி ஐந்து நிமிடம் ஆகியும் குறையவில்லை.
பயப்படாதே.

கண்ணை மூடிக் கேட்டாள்.
அவள் கரண்டி பாதி வழியில் நின்றது.
அறிக்கையை இரண்டாம் முறை படிக்கிறவளின் நெற்றிச் சுருக்கம்.
பிறகு:
எல்லாம் சொன்னாய், உப்பைச் சொல்லவில்லையே?

இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தேன்.
போடவேயில்லை.
கடலிலிருந்துதானே வந்தது என்று
கை சும்மா இருந்துவிட்டது போல.

சிரித்து முடிக்க அவளுக்கு வெகு நேரமானது.
அப்புறம் உப்புப் பொட்டலம் ஒன்று
மூன்று சக்கர சைக்கிளுக்கு மேலாகப் பறந்து வந்து
என் வாசலில் விழுந்து வெடித்தது.