போர்வைக் கணக்கு

செவ்வாய்ப்பேட்டை ஐஸ் பேக்டரியில்
உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மரமூடிமேல் நின்றுதான்
அவளோடு பேசுவேன்.
சிக்னல் எங்கும் கிடைக்கும்.
இங்கே நின்றால் கால் குளிரும், அதற்காக.

ஜெனோவா போய் எட்டு மாதம்.
தென்முனைக் கரை.
கேட்பவர்களிடம்
கடல் உறைகிறதா என்று பார்க்கிறாள் என்கிறேன்.
'அதுக்கு ஏன் அவ்ளோ தூரம்? நம்ம தொட்டியப் பார்த்தா போதாதா?'
என்றான் லோடு ஆட்டோ மாதேசு.
நியாயமான கேள்விதான்.

உண்மையில் அவளிடம் இருப்பது
கோடு போட்ட ஒரு குச்சி.
கடல்மேல் நடந்துபோய்ப் பத்தடிக்கு ஒரு குத்து.
மேலே பஞ்சாய்க் கிடப்பது எத்தனை,
துளைபோட்டுப் பார்த்தால் அடியில் கெட்டியானது எத்தனை.
இரண்டுக்கும் தமிழில் பனி என்றே சொல்லித் தொலைக்கிறாய் என்று
என்னைத் திட்டுவாள்.
நாகலூரில் காப்பிச்செடியை மூடுகிறதும் பனி,
மார்கழியில் கூரையில் சொட்டுகிறதும் பனி,
நான் என்ன செய்ய?

'நிறைய விழுந்தா நல்லதுதானே' என்றேன்.
இருபத்திரண்டு வருஷமாய் உமி மூடி அனுப்புகிறவன் நான்.
மூடாத பார் ஓமலூர் போவதற்குள் பாதி.

சிரித்தாள். இரண்டு நொடி கழித்து வந்து சேர்ந்தது சிரிப்பு.
'போர்வைக்கு எந்தப் பக்கம் சூடு, எந்தப் பக்கம் குளிர்னு தெரியாது.
உன் உமி வெயிலத் தடுக்குது.
இங்க மேல மைனஸ் முப்பது. கீழ கடல்,
இந்த ஊருக்கு அதுதான் அடுப்பு.
பனி மூடிட்டா குளிர் கீழ இறங்காது,
ஐஸ் தடிக்காது.'

அப்போ விழ வேண்டாமா?
'விழணும். சூரியன் திரும்பி வர்றப்ப
வெள்ளையா நின்னு வெயிலத் திருப்பி அனுப்ப
வேற யாரு இருக்கா?'

போன வாரம் குரல் வேறு மாதிரி.
வடக்கிலிருந்து ஈரக்காற்று,
வானத்தில் ஓர் ஆறு திசைமாறி வந்தாற்போல.
மேகம் மூடிக்கொண்டு சூட்டை வெளியே விடவில்லை.
நடுக்குளிர்காலத்தில்
மழை.
'தகரத்துமேல சத்தம், பரஞ்சோதி.
எழுந்து, கொடியில துணி கெடக்கேன்னு ஓடப் பார்த்தேன்.'
பிறகு மௌனம்.
செயற்கைக்கோளின் இரண்டு நொடியைவிடக் கொஞ்சம் கூடுதல்.

மழைக்குப் பின்னால் இரண்டு நாள் கனத்த பனி.
பாரம் தாங்காமல் ஐஸ் அமிழ,
விரிசலில் கடல் ஏறிப் பஞ்சை நனைத்து
அப்படியே உறைந்துவிட்டதாம்.
'போர்வையே உடம்பாயிடுச்சு.
இத எந்தக் கட்டத்துல எழுத?'
என்னைத்தான் கேட்டாள்.

இன்றைக்கு ஆடி.
கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் எண்பது பார் ஆர்டர்.
ஏற்றி முடிக்கும்போது சேர்வராயன் பக்கமிருந்து
கறுத்து இறங்கியது.
வெயில் ஐஸை நக்கித்தான் தின்னும்,
மழை கடித்துத் தின்னும். தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.
மாதேசு தார்ப்பாய் தேடி ஓடினான்.

நான் ஓடவில்லை.
உமி நனைந்து, கனத்து, பாரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.
விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவிக் குத்திப் பார்த்தேன்.
முதலாளி மேலிருந்து கத்துகிறார்.

நாலு விரற்கடை.
ராத்திரி கூப்பிட்டால் சொல்ல வேண்டும்.