முழங்கை உயரம்

வாதி கபீரில் இரண்டாம் மாடி.
அடுக்களை ஜன்னலைத் திறந்தால்
ஒரு புல்கூட இல்லாத மலை
பக்கத்து வீட்டுக்காரர்போல நிற்கும்.
மதியத்தில் தொட்டால் சுடும்.

பழைய தொட்டியின் அடிப்பலகை ஊறி உப்பி
கரப்பான்கள் அங்கே
ரேஷன் கார்டே வாங்கிவிட்டன.
பர்காவிலிருந்து போனில் சொன்னார் வீட்டுக்காரர்:
மாற்றிக்கொள்ளுங்கள், செலவு உங்களுடையது,
சுவரில் மட்டும் ஓட்டை கூடாது.

அன்றிரவு
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் வரைந்தேன்.

குப்பைக்கூடை முதலில்.
எச்சில் தட்டு வந்ததும் அதைத்தான் பார்க்க வேண்டும்.
மீன்முள், கறிவேப்பிலை, கடித்துவைத்த மிளகாய்
அங்கேயே உதிர்ந்துவிட்டால்
தொட்டிக்குத் தொண்டை அடைக்காது.
அடுத்து ஒன்றரை அடி வெறும் மேடை.
வெறும் என்றால் வெறும்.
மிக்சி கூடாது, குப்பூஸ் பொட்டலம் கூடாது,
பாக்கியநாதனின் வண்டிச் சாவி
கூடவே கூடாது.
பிறகு தொட்டி. ஒற்றை, ஆழமானது.
இட்லிக் கொப்பரை இடுப்பு நனைய உட்கார வேண்டும்.
அப்புறம் வடிதட்டு,
சொட்டுவது தொட்டிக்கே திரும்பும் சாய்வில்.
அதற்கு நேர்மேலே, ஏற்கெனவே இருக்கிற அலமாரி.
கை உயர்த்தினால் போதும்,
நடக்க வேண்டாம்.

நான் இடக்கைக்காரி.
எனக்கு இதெல்லாம்
அரபி எழுத்துப்போல வலமிருந்து இடம் ஓட வேண்டும்.
இருபத்தொரு வருடம், நான்கு வீடுகள்,
நாலிலும் எவனோ
இடமிருந்து வலமாகக் கட்டிவைத்திருந்தான்.
கையைக் குறுக்கே போட்டுக் கழுவிப் பழகினேன்.
இந்த முறை அம்புக்குறியை
அழுத்தி வரைந்தேன்.

குழாய் பற்றி ஒன்றும் எழுதவில்லை.
மே பிறந்தால் மொட்டைமாடி டாங்கி
நீலப் புள்ளிக் குழாயில் கொதித்து இறங்கும்;
ஹீட்டரை அணைத்துவிட்டுச்
சிவப்பைத் திறந்தால்தான் தண்ணீர் தண்ணீராக வரும்.
எனக்குத் தெரிந்ததுதானே, எதற்கு எழுத?
அவருடைய குளியலுக்கும்
முந்தின இரவே பிடித்து ஆறவைத்த வாளி
எப்போதும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மொஃபிஜுல் வந்தான்,
காதில் பென்சில், தோளில் பலகைத் தூள்.
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அச்சா என்றான்.
உயரம்?
தொட்டி விளிம்பு முழங்கைக்கு
நாலு விரல் கீழே நின்றால் முதுகு வளையாதாம்.
கையை மடக்குங்க மேடம்.

மடக்கினேன்.
டேப்பின் தகரநுனி சில்லென்று தொட்டது.
அதற்கு முன் யாரும்
என் முழங்கையை எதற்காகவும் அளந்ததில்லை.
சுகமாகத்தான் இருந்தது.
அளந்துவிட்டால்
இனி இந்த வீட்டில் எந்தத் தட்டும்
வேறு முழங்கை தேடிப் போகாது.

நில்லுங்க, என்றேன்.
சாரை அளங்க.

ஹாலில் பழைய கிரிக்கெட் மேட்ச்
முடிவு தெரிந்தும் ஓடிக்கொண்டிருந்தது.
என்னையா, என்று வந்தார்
டீ கிளாசோடு.
மடக்குங்க.
மடக்கினார், ஒரு சொட்டுச் சிந்தாமல்.
தொண்ணூற்றாறு, என்று பலகையில் எழுதினான் மொஃபிஜுல்,
சிரிப்பைப் பென்சிலோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு.
நான் அம்புக்குறியை அடித்து
மறுபக்கம் திருப்பினேன்.
அவர் வலக்கைக்காரர்.

முதல் வாரம் இரண்டு கிளாஸ் போயின.
தரை நனைந்தது. ஒருநாள் வழுக்கியும் விழுந்தார்.
தோசைக்கல்லுக்கு சோப்பு போட்டதை
நான் பேசி முடிக்க
ஒரு மாலை ஆனது.

காலையில் என் காபி டம்ளர் ஒன்றைக் கழுவ
நுனிக்காலில் நிற்கிறேன்.
சோப்புத் தண்ணீர் முழங்கை வழியே
நைட்டிக் கைக்குள் இறங்குகிறது.
சனியன், என்கிறேன்.
வேறு யாரைச் சொல்ல?

இன்று மே பதினொன்று.
உள்ளேயிருந்து ஓர் அலறல்:
தண்ணி கொதிக்குது!

சிவப்பைத் திறங்க,
என்கிறேன்,
மலையைப் பார்த்தபடி.