காகிதப் பை

இருபத்தாறு வருடம் இந்தப் படகில்தான் வேலை.
ஃபரோவின் தெற்குத் தீவிலிருந்து தோர்ஷவ்னுக்கு
இரண்டு மணி நேரம்.
கார்களுக்குச் சங்கிலி மாட்டுவேன், கயிறு சுற்றுவேன்,
காற்று தென்மேற்கில் திரும்பினால்
காகிதப் பைக் கட்டோடு மேல்தளத்துக்கு வருவேன்.

யாருக்குத் தேவைப்படும் என்று
அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.
மேலுதட்டில் வியர்வை அரும்பும்.
பேச்சு பாதியில் நிற்கும்.
எச்சிலை இரண்டு முறை விழுங்குவார்கள்.
பையைக் கொடுத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்தபடி நகர்ந்துவிட வேண்டும்.
முகத்தைப் பார்க்கக் கூடாது.
எங்கும் எழுதிவைக்காத விதி.

எனக்கு ஒருநாளும் குமட்டியதில்லை.
தளம் செங்குத்தாய் எழும்பும்போதும் நின்றபடி
ஆட்டுக்கொழுப்பு தடவிய ரொட்டி தின்றவன்.
அதைச் சொல்லிக்கொண்டும் திரிந்தவன்.

இப்போது சீட்டு வாங்கி ஏறுகிறேன்,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

நர்ஸ் ரன்வா மாத்திரை நேரங்களை எழுதித் தந்தாள்.
அதைப் படகு நேர அட்டவணையின் ஓரத்தில்
பெயர்த்து எழுதிக்கொண்டேன்.
எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே வேதம் அது.
"வாந்தி வந்தபிறகு மாத்திரையைத் தேடாதீர்கள்.
புயல் வந்தபிறகா சங்கிலி மாட்டுவீர்கள்?"
இல்லைதான்.

ஸ்டீராய்டு போட்ட இரவில் தூக்கம் இல்லை.
ஜூன் மாதம், இருட்டவும் இல்லை.
விடியற்காலை மூன்று மணிக்குப்
படகுக் கொட்டகைக் கதவுக்குச் சிவப்பு அடித்தேன்,
பிறகு பசியில் ஆறு முட்டை.
ஒண்டான்செட்ரான் மேலே அடைத்த கையோடு
கீழேயும் அடைத்துவிட்டது.
ஐந்து நாள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கரண்டி வாய்க்குள் பழைய நாணயமாய் இனித்தது, கசந்தது.
ஐஸ்கிரீம் கடையில் கேட்டு வாங்கிய
பிளாஸ்டிக் கரண்டியில்
ஆறிய உருளைக்கிழங்கு, வெறும் உருளைக்கிழங்கு.

மூன்றாம் நாள் மட்டும் எந்த அட்டவணைக்கும் அடங்காது.
கொட்டகைக் காற்றில் புளித்துத் தொங்கும் ஆட்டிறைச்சி,
பால் பல் முளைக்கும் முன்பே தெரிந்த வாசனை,
சாவித் துவாரம் வழியாக வந்து
குடலைப் பிடுங்கியது.
மார்யுன் ஒன்றும் சொல்லவில்லை.
முழு ஆட்டையும் கைவண்டியில் கிடத்தித்
தன் அண்ணன் கொட்டகைக்குத் தள்ளிப் போனாள்.
திரும்பி வந்து
தலைக்குக் குளித்தாள்,
என் பக்கத்தில் படுப்பதற்காக.

நான்காம் சுற்றுக்குப் போன காலையில்
கடல் தட்டில் ஊற்றிய பால்.
புறப்படும் சங்கு ஊதியது, அவ்வளவுதான்.
மருந்து இன்னும் கடலுக்கு அப்பால்
ஏதோ அலமாரியில் இருக்கிறது,
ஊசி உறை பிரியவில்லை,
உடம்பு அதற்குள் அதை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது.
இருபத்தாறு வருடம்
சோற்றுக்கு மணியடித்த அதே சங்கு.

மேலுதட்டில் வியர்வை.
எச்சிலை ஒருமுறை விழுங்கினேன்.
இரண்டாவது முறைக்குள்
கையில் காகிதப் பை இருந்தது.

ஹானுஸ். என் இடத்தில் சேர்ந்தவன்.
ஒரு சங்கிலி ஒழுங்காக மாட்டத் தெரியுமா என்று
துறைமுகம் முழுக்க நான் ஏசிய ஹானுஸ்.
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
வெளியே மூடுபனி,
பார்க்க ஒரு பாறைகூட இல்லை.
அவ்வளவு கவனமாகப் பார்த்தான்.

ரன்வாவிடம் சங்கைப் பற்றிச் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.
"உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.
அதற்கும் மருந்து உண்டு, டாக்டரிடம் கேட்கிறேன்."

அட்டவணை ஓரத்தில் இடம் குறைவு.
பென்சிலைக் கூராக்கி எழுதினேன்:
சங்குக்கு முந்தைய இரவு, சின்ன வெள்ளை மாத்திரை, ஒன்று.
ஹானுஸுக்கு நன்றி சொல்ல வேண்டாம்.
சொன்னால்
முகத்தைப் பார்க்க வேண்டிவரும்.